"ஒன்றுமில்லை" என்ற பதிலுக்கு அப்புறம்: மனநலச் சிக்கல்கள் பற்றி ஓர் எளிய அறிமுகம்

இரவு பதினொரு மணி இருக்கும். படுத்திருந்த நான் சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உள்ளங்கை வியர்த்தது, விரல் நுனிகள் மரத்துப்போயின. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதியிலேயே நின்றுவிடுவது போல இருந்தது. உயிர் போகப்போகிறது என்றே நினைத்தேன். வீட்டில் எல்லாரும் பதறிப்போய் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அன்றைக்குப் பணியில் இருந்த மருத்துவர் வந்து, "ஒன்றுமில்லை, டென்ஷன்தான். நன்றாகத் தூங்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதயத்துக்கு ஒன்றுமில்லை என்பது உண்மைதான், நல்ல செய்தியும்கூட. ஆனால் எனக்கு வந்ததற்கு ஒரு பெயர் உண்டு, சிகிச்சை உண்டு, அதற்கென்று போக வேண்டிய இடம் உண்டு என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. அந்த எட்டு மாதத்தில் லிப்டில் ஏறுவதை விட்டேன், கூட்டமான பஸ்ஸை விட்டேன், தனியாக வெளியூர் போவதை விட்டேன். அன்றைக்கு எனக்குச் சொல்லப்படாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது இது வெறும் கவலை இல்லை?

சோகமும் பயமும் இல்லாத மனிதர் கிடையாது. நெருங்கியவர் இறந்துபோனால் மாதக்கணக்கில் அழுகை வரும். தேர்வுக்கு முந்தின இரவு தூக்கம் வராது. இதையெல்லாம் நோய் என்று யாரும் சொல்வதில்லை. அதனால் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை நாளாக இப்படி? எவ்வளவு கடுமையாக? இது என்னை எதையெல்லாம் செய்ய விடாமல் தடுக்கிறது?

மூன்றாவதுதான் முக்கியமான கேள்வி என்பேன். ஒருவருக்குப் பயம் இருக்கும், ஆனாலும் வேலைக்குப் போவார், நண்பர்களைப் பார்ப்பார், இரவில் தூங்கிவிடுவார். இன்னொருவருக்கு அதே அளவு பயம் ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வரும். இந்த இரண்டாமவருக்கு உதவி தேவை. மருத்துவர்களிடம் கால அளவுகளும் உண்டு: மனச்சோர்வு என்று முடிவு செய்ய அறிகுறிகள் பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, குறைந்தது 2 வாரம் நீடித்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பொதுவான பதற்றக் கோளாறுக்குப் பல மாதங்கள். இவை மருத்துவருக்கான அளவுகோல்கள். பத்தாவது நாளே தாங்க முடியவில்லை என்றால் பத்தாவது நாளே போகலாம்.

'எனக்கு மட்டும் ஏன் இப்படி' என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019 ஆம் ஆண்டில் உலகில் எட்டில் ஒருவர் ஏதாவதொரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர்களில் பதற்றக் கோளாறு உள்ளவர்கள் சுமார் 30 கோடி, மனச்சோர்வு உள்ளவர்கள் சுமார் 28 கோடி. கடைசியாக நீங்கள் ஏறிய பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். அதிலும் சிலர் இருந்திருப்பார்கள்.

பதற்றம்: தவறாக அடிக்கும் அபாய மணி

எனக்கு வந்ததைப் பேனிக் அட்டாக் என்பார்கள். தமிழில் பீதித் தாக்கம் எனலாம். ஆபத்து வந்தால் உடம்பு தன்னைத் தயார்செய்துகொள்ளும். எதிர்த்துச் சண்டை போட வேண்டும் அல்லது தப்பித்து ஓட வேண்டும். வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர் நூறாண்டுக்கு முன்பே இதை விவரித்துவிட்டார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடித்துக் கை கால் தசைகளுக்கு ரத்தத்தை அனுப்புகிறது, மூச்சு வேகமாகிறது, உடம்பைக் குளிர்விக்க வியர்க்கிறது. எதிரே பாம்பு இருந்தால் இது உயிரைக் காப்பாற்றும். பாம்பே இல்லாத படுக்கையறையில் இதே மணி அடித்தால், காரணம் தெரியாமல் மனசு உடம்பையே சந்தேகிக்கிறது. 'இதயம்தான் நிற்கப்போகிறது' என்று நினைக்கிறது. அந்த நினைப்பு இன்னும் கொஞ்சம் அட்ரினலினைக் கூட்டுகிறது.

விரல் மரத்துப்போனதற்கும் காரணம் இருக்கிறது. மூச்சு வேகமாக வாங்கும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால்தான் தலை சுற்றுகிறது, உதட்டிலும் விரலிலும் ஊசி குத்துவது போல இருக்கிறது. காற்று போதவில்லை என்று தோன்றினாலும், உண்மையில் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம். இதைத் தெரிந்துகொண்ட நாளில் என் பயத்தில் பாதி போய்விட்டது. இந்தத் தாக்கம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணியும். அந்த நேரத்தில் மூச்சை இழுப்பதைவிட விடுவதில் கவனம் வையுங்கள். மெதுவாக, நீளமாக, வாய் வழியாக விடுங்கள். முடிந்தால் இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் அதைப் பதற்றம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது. இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு வரும்.

சரி, தானாகவே அடங்கிவிடும் ஒன்று எப்படி எட்டு மாதத்தைத் தின்றது? தவிர்த்தல்தான் காரணம். லிப்டில் ஒருமுறை மூச்சு முட்டியது. அடுத்த நாள் படியில் ஏறினேன், நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் பொறி. 'லிப்டில் ஏறாததால்தான் தப்பித்தேன்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. லிப்டில் ஏறியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. கூட்டத்தில் பேசவே முடியாத சமூகப் பதற்றமும், உயரத்தையோ ஊசியையோ கண்டால் வரும் பயமும் இதே வழியில்தான் வேர்விடுகின்றன.

மனச்சோர்வு: சோகம் மட்டும் இல்லை

மனச்சோர்வு என்றால் எந்நேரமும் அழுதுகொண்டிருப்பது என்று நினைத்திருந்தேன். என் நண்பன் ஒருவன் சொன்னது அந்த எண்ணத்தை மாற்றியது. "காலையில பல் விளக்க எழுந்திருப்பேன்டா. பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருப்பேன். மணியைப் பார்த்தா இருபது நிமிஷம் போயிருக்கும். அழுகைகூட வராது. எதுவுமே வராது." அவன் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். கேலிக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு, போன் எடுப்பதில்லை என்ற குறை மட்டும்தான்.

மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இரண்டை: மனம் தாழ்ந்தே இருப்பது, முன்பு பிடித்திருந்தவற்றில் ஈடுபாடு அற்றுப்போவது. இவற்றில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கம், பசி, உடல் வலு, கவனம் எல்லாம் மாறும். சிலருக்குத் தூக்கம் போகும், சிலருக்கு எழுந்திருக்கவே முடியாது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்றவுணர்ச்சி வரும், பிறகு சாவைப் பற்றிய எண்ணமும் வரலாம். ஆளுக்கு ஆள் முகம் மாறும். குழந்தைகளிடம் அது எரிச்சலாகவும் வயிற்றுவலியாகவும் வரும். சில ஆண்களிடம் கோபமாகவும் குடியாகவும் வெளிப்படும். வயதானவர்களிடம் மறதி போலத் தோன்றும். குழந்தை பெற்ற பெண்களில் ஏறத்தாழ 13 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல், பெரும்பாலும் மனச்சோர்வு, வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இப்படி இருக்கலாமா' என்று அந்தத் தாயைக் கேட்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

இது ஏன் வருகிறது? ஒரே காரணம் கிடையாது. மரபு, சிறுவயதில் பட்ட காயங்கள், இழப்பு, கடன், தனிமை, நாள்பட்ட உடல்நோய் என்று பலவும் சேர்ந்து வரலாம். எந்தக் காரணமும் தெரியாமலும் வரலாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவை மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும் என்பதால், நல்ல மருத்துவர் முதலில் ரத்தப் பரிசோதனை கேட்பார்.

"மனசை உறுதியாக வைத்துக்கொள்" என்ற அறிவுரை இங்கேதான் அடிவாங்குகிறது. உறுதி கொள்ள வேண்டிய அந்த மனசுதானே இப்போது சோர்ந்து கிடக்கிறது? கால் எலும்பு முறிந்தவரை 'உறுதியாக நட' என்று யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. மனசு வந்தால் செய்வோம் என்று காத்திருக்காமல், மிகச் சிறிய ஒரு வேலையை நேரம் குறித்துச் செய்தால், மனசு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வருகிறது. இதை ஒரு சிகிச்சை முறையாகவே வளர்த்திருக்கிறார்கள். என் நண்பன் பிரஷ்ஷில்தான் தொடங்கினான்: முதல் வாரம் முழுக்க ஒரே இலக்கு, எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பல் விளக்கி முடிப்பது.

மற்றவை பற்றிச் சுருக்கமாக

ஓசிடி என்பதைச் 'சுத்தம் பார்ப்பவர்' என்ற பொருளில் விளையாட்டாகச் சொல்கிறோம். அது அப்படி இல்லை. வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப நுழைகிறது. அது தரும் வேதனையைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த எண்ணம் சில சமயம் தன் குழந்தைக்கே தீங்கு செய்துவிடுவோமோ என்பது போலக்கூட இருக்கும். அதை விரும்பாததால்தான் அவர் துடிக்கிறார். வெட்கத்தால் பல ஆண்டுகள் மறைத்து வைப்பவர்கள் பலர். அவர்களுக்குச் சொல்ல விரும்புவது: மனநல மருத்துவர் இதைப் பலமுறை கேட்டிருப்பார், அதிர்ச்சி அடைய மாட்டார்.

விபத்து, வன்முறை, பேரிடர் ஆகியவற்றுக்கு அப்புறம் ஒரு மாதத்துக்கு மேலும் அந்தக் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தால், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டால், அது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் கோளாறாக இருக்கலாம். பைபோலார் கோளாறில் சோர்வுக் காலமும் அளவுமீறிய உற்சாகக் காலமும் மாறி மாறி வரும். தூக்கமே தேவைப்படாமல், பணத்தை வாரியிறைத்து, நிறுத்தாமல் பேசிய நாட்கள் முன்பு இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மனச்சோர்வுக்கு மட்டும் மாத்திரை எடுத்தால் அந்த உற்சாக நிலை கிளம்பிவிட வாய்ப்பு உண்டு. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்புவது போன்றவை தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. சீக்கிரம் தொடங்கிய சிகிச்சைக்குப் பலன் அதிகம்.

யாரிடம் போவது?

பெயர்கள்தான் முதலில் குழப்பும். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழிச் சிகிச்சையிலும் உளவியல் சோதனைகளிலும் பயிற்சி பெற்றவர். பெரும்பாலான இடங்களில் அவர் மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்ற பெயரில் நன்கு பயின்றவர்களும் இருக்கிறார்கள், சில வாரப் பயிற்சியோடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். "எங்கே படித்தீர்கள், என் மாதிரிப் பிரச்சினையில் அனுபவம் உண்டா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்குங்கள். அவர் உடல் காரணங்களைச் சோதிப்பார், லேசான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அவரே சிகிச்சை தரலாம், தேவைப்பட்டால் அனுப்பி வைப்பார். அவர் "ஒன்றுமில்லை" என்று சொன்னால், "அப்படியென்றால் நான் யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியை அன்று இரவு நான் கேட்டிருக்க வேண்டும்.

போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, என்ன மருந்துகள் எடுக்கிறீர்கள், குடி அல்லது போதைப் பழக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, முன்பு செய்துகொண்டிருந்து இப்போது செய்ய முடியாமல் போனவை எவை. உள்ளே போனதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அப்போது அந்தத் தாளை அப்படியே நீட்டிவிடலாம். சில இடங்களில் ஒரு வினாத்தாள் தருவார்கள். பிஎச்கியூ-9 என்பது அதில் பரவலானது. கடந்த 2 வாரம் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். அது ஒரு வடிகட்டிதான். அதை மட்டும் வைத்து யாரும் நோயை முடிவு செய்வதில்லை, நீங்களும் செய்ய வேண்டாம்.

சொன்னது வெளியே போகுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நீங்கள் பேசுவதை ரகசியமாக வைத்திருப்பது அவர்களுடைய தொழில் கடமை. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்ற நிலை போன்ற சில விலக்குகள் உண்டு. எவை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம். இரண்டு மூன்று தடவை போன பிறகும் அவரிடம் மனம் திறக்க முடியவில்லையா? ஆளை மாற்றுங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை.

சிகிச்சையில் என்ன நடக்கும்?

பேச்சு வழிச் சிகிச்சைகளில் மிக அதிகமாக ஆராயப்பட்டது சிபிடி எனப்படும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் தன்னிடம் வந்த மனச்சோர்வு நோயாளிகளைக் கவனித்தபோது, அவர்கள் மனதில் ஒரே மாதிரியான எண்ணங்கள் தானாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். ஓர் எடுத்துக்காட்டு. மேலதிகாரிக்கு அனுப்பிய செய்திக்குப் பதில் இல்லை. 'என் வேலை பிடிக்கவில்லை, என்னை நீக்கப்போகிறார்' என்று எண்ணம் ஓடுகிறது. உடனே வயிறு பிசைகிறது, அவர் கண்ணில் படாமல் ஒதுங்குகிறோம். சிகிச்சையாளர் 'நல்லதையே நினை' என்று சொல்ல மாட்டார். "இதற்கு என்ன ஆதாரம்? வேறு என்ன காரணம் இருக்கலாம்? எப்படிச் சோதித்துப் பார்ப்பது?" என்று கேட்பார். வீட்டுப்பாடமும் தருவார். பெரும்பாலும் வாரம் ஒன்றாக, சில மாதங்களில் முடிந்துவிடும் சிகிச்சை இது.

மருந்து பற்றித்தான் பயம் அதிகம். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பொதுவாக முதலில் தரப்படுபவை எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள். இவற்றின் பலன் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் சில வாரம். ஆனால் குமட்டல், தலைவலி, சற்றே கூடும் படபடப்பு ஆகிய பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் பின்னால் வரும், தொல்லை முன்னால் வரும் என்று சொல்லாமல் கொடுத்தால் யார்தான் தொடர்ந்து சாப்பிடுவார்கள்? பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுவது இதனால்தான். இளைஞர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கூடவே இருந்து கவனிக்க வேண்டும். இவை போதை தருபவை இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். எனவே மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். முதல் மருந்து பலருக்கு ஒத்துவராது. மாற்றிப் பார்ப்பது வழக்கம்தான்.

சில தூக்க மாத்திரைகளும் உடனடி அமைதி தரும் மாத்திரைகளும் வேறு வகை. பென்சோடயசிபைன் எனப்படும் அவற்றுக்குச் சில வாரங்களிலேயே உடம்பு பழகிவிடக்கூடும். குறுகிய காலத்துக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில்தான். பக்கத்து வீட்டுக்காரர் தரும் மாத்திரை வேண்டவே வேண்டாம்.

நமக்கு வேண்டியவர் தவிக்கும்போது

அறிவுரை சொல்ல நாக்கு துடிக்கும், கொஞ்சம் பொறுங்கள். "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பதைவிட, "வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கவா? நானும் கூட வர்றேன்" என்பது ஆயிரம் மடங்கு உதவி. தொலைபேசியில் நேரம் குறிப்பதுகூட மனச்சோர்வில் இருப்பவருக்கு மலையாகத் தெரியும்.

உலகில் ஆண்டுதோறும் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலையால் இறக்கிறார்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. பெரும்பாலும் அது ஆறுதல் தரும், மனதில் அடைத்துக் கிடந்ததைச் சொல்ல வழிவிடும். ஆமாம் என்றால் வாதம் செய்யாதீர்கள், அழ வைக்காதீர்கள். தனியே விடாதீர்கள். தீங்கு செய்துகொள்ளக்கூடிய பொருட்களை அப்புறப்படுத்துங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள் அல்லது அவசர உதவி எண்ணை அழையுங்கள். பல நாடுகளில் இதற்கென்றே தொலைபேசி உதவி எண்கள் இருக்கின்றன. உங்கள் ஊருக்கான எண்ணை இப்போதே தேடி போனில் சேமித்து வையுங்கள், தேவைப்படும் இரவில் தேட முடியாது. இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால் இந்தப் பத்தியையே காட்டுங்கள்.

ஒன்பதாவது மாதம் நான் உளவியலாளரிடம் போனபோது என் தாளின் முதல் வரியில் 'லிப்டில் ஏற முடியவில்லை' என்று எழுதியிருந்தேன். அவர் படித்துவிட்டு, "சரி, அங்கிருந்தே ஆரம்பிக்கலாமா?" என்றார். முதல் வாரம் லிப்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பது மட்டும். இரண்டாம் வாரம் உள்ளே போய், கதவு திறந்திருக்கும்போதே நிற்பது. மூன்றாம் வாரம் அவரும் கூட வந்தார். கதவு மூடியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே இருந்தேன், லிப்ட் முதல் மாடியில் நின்றது. "இன்றைக்கு இது போதும்" என்றார்.